கோணல் சீட்

சாம்பியனின் வாயிலிருந்து "சரி" என்று ஒரே ஒரு சொல் வந்தது. அதோடு போன வாரம் நாம் எழுந்து வந்துவிட்டோம். அந்த ஒரு சொல் அந்தக் குடும்பத்தைப் படுத்திய பாட்டை இந்த வாரம் பார்க்கலாம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. கார் பந்தயத்தில் மூன்று முறை பட்டம் வென்றவர் அவர். ஊரே சாம்பியன் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் மனைவியே "சாம்பியன், பால் வாங்கியாச்சா?" என்று கேட்கும் அளவுக்கு அந்தப் பெயர் வீட்டில் சாதாரணமாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் பெயரில் ஒரு பந்தய ஓட்டுநர் பள்ளி, மைதானத்திலேயே திறக்கப்போகிறார்கள். ஏற்பாடெல்லாம் மகன், அதாவது சின்னவன். அவனுக்குக் கார் ஓட்டுவதில் பெரிய சாமர்த்தியம் கிடையாது. ஆனால் ஓட்டினவரைப் பற்றிப் பேசச் சொன்னால் மூச்சு விடாமல் பேசுவான்.

விழாவில் சாம்பியன் தன் பழைய காரில் ஒரு சுற்று வர வேண்டும். தனியாக இல்லை. அவருக்கு இடது பக்கத்தில், தோளோடு தோளாக எட்டாம் நம்பர் வருவார். இரண்டு கார்களும் ஒன்றாகக் கோட்டைத் தாண்ட வேண்டும். பார்ப்பவர்கள் கண்ணீர் விட வேண்டும். இது சின்னவனின் திட்டம்.

எட்டாம் நம்பர் யாரென்று பழைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் ஓட்டிய காரின் எண் அது. ஒரு காலத்தில் சாம்பியன் வீட்டிலேயே சாப்பிட்டு, அந்த வீட்டிலேயே தூங்கி எழுந்தவர். சாம்பியனின் மூன்றாவது பட்டத்துக்கான கடைசிப் பந்தயத்தில், கடைசி இடது வளைவில், உள்பக்கமாக நுழைந்து முந்தப் பார்த்தார். இரண்டு கார்களும் இடித்துக்கொண்டன. சாம்பியன் தப்பித்துப் போய்ப் பட்டம் வாங்கினார். எட்டாம் நம்பர் சுவரில் மோதிக் காலை உடைத்துக்கொண்டார். விசாரணையில், இடமில்லாத இடத்தில் மூக்கை நுழைத்தது எட்டாம் நம்பர்தான் என்று தீர்ப்பானது. லைசென்ஸ் போயிற்று. அத்தோடு அவர் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

இத்தனை வருஷமாக அந்தப் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிற சாம்பியன், போன வாரம் சின்னவன் கேட்டவுடன் சரி என்றுவிட்டார். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

இனி வியாழக்கிழமை காலை.

டயர் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவின் கடைசியில், தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்று. உள்ளே பசை வாசனையும் ரப்பர் வாசனையும் கலந்து மூக்கைத் துளைக்கும். அதை வெளியே தள்ள ஒரு பெரிய விசிறி சுவரில் இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலில் ஒருவரோடு ஒருவர் பேசுவதென்றால் சண்டை போடுகிற மாதிரிதான் பேச வேண்டும். கொட்டகைக்குச் சொந்தக்காரி சாம்பியனின் மூத்த மகள். வீட்டில் பெரியவள். தொழிலில் 'சீட் அக்கா'.

பந்தயக் காரில் சீட் என்பது கடையில் வாங்கிப் போடுகிற சமாசாரம் இல்லை. காரில் ஓட்டுநர் உட்காரும் கூட்டுக்குள் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து, அதன்மேல் ஓட்டுநரை உட்கார வைத்து, இரண்டு திரவங்களைக் கலந்து பைக்குள் ஊற்றுவார்கள். அது நுரைத்துப் பொங்கி, சூடாகி, முதுகைச் சுற்றி ஏறி, அப்படியே இறுகிப்போகும். ஆடாமல் அசையாமல் இருந்தால் உடம்பு அச்சாக விழும். அதன்மேல் டேப் சுற்றிவிட்டால் சீட் தயார். அவரவர் சீட்டில் அவரவர்தான் உட்கார முடியும். சீட் சரியில்லை என்றால் பெல்ட் பிடிக்காது. பெல்ட் பிடிக்கவில்லை என்றால் மைதானத்தில் யாரும் காரைக் கிளப்ப விடமாட்டார்கள்.

அவள் முதன்முதலில் ஊற்றிய சீட் அப்பாவுடையது. அப்போது அவள் கற்றுக்குட்டி. இடது தோள் பக்கம் பள்ளமாகவும் வலது பக்கம் மேடாகவும், பார்த்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்படி வந்தது. மெக்கானிக்குகள் தூக்கிப் போடச் சொன்னார்கள். அப்பா கேட்கவில்லை. "என் பொண்ணு ஊத்தினது. இதுலதான் ஓட்டுவேன்" என்று அடம்பிடித்தார். ஓட்டவும் செய்தார். அந்த வருஷம்தான் மூன்றாவது பட்டம்.

அதற்குப் பிறகு கோணல் சீட் இல்லாத பேட்டி இல்லை. மகள் மேல் வைத்த பாசத்தால் முதுகுவலியோடு ஜெயித்த அப்பா! சின்னவன் அவள் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து, "மாப்பிள்ளை, அக்கா போட்ட நாற்காலியில மட்டும் பாத்து உக்காருங்க" என்றான். மண்டபமே சிரித்தது. அவளும் சிரித்தாள். வேறென்ன செய்வாள்?

ஆனால் அந்தக் கோணல் அவளுக்குள் முள்ளாகத்தான் தைத்துக் கிடந்தது. அதைத் திருத்தவே இந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்டாள். இன்று பெரிய பெரிய ஓட்டுநர்கள் அவளிடம் வந்து காத்துக் கிடக்கிறார்கள். அப்பாவுக்கு மட்டும் இன்னொரு தடவை ஊற்ற வாய்க்கவே இல்லை. மூன்றாவது பட்டத்தோடு அவர் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். உச்சியில் இருக்கும்போதே இறங்கத் தெரிந்த மனிதர் என்று பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின.

பழைய சீட் கொட்டகைச் சுவரில் மாட்டியிருக்கிறது. அதில் அவருடைய இடுப்பு இப்போது நுழையாது. அதனால்தான் இன்று புதிது. முந்தின நாளே அவள் இரண்டு முறை கொட்டகையைப் பெருக்கிவிட்டாள். இன்றைக்கு நேராக வர வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சின்னவன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். உள்ளே நுழைந்ததும் சாம்பியன் இடது பக்கம் இருந்த கருவிப் பெட்டியில் காலை இடித்துக்கொண்டார்.

"பாத்து வாப்பா."

"நடுவழியில பெட்டிய வெச்சா எப்படிப் பாக்கறது?"

பெட்டி நடுவழியில் இல்லை. சுவரோரமாகத்தான் இருந்தது. அப்பாவிடம் போய் வழக்காட முடியுமா? அவள் பெட்டியைத் தள்ளி வைத்தாள்.

"சரி சாம்பியன், கூட்டுக்குள்ள எறங்குங்க. மூச்ச இழுத்துக்கிட்டு எறங்குங்க."

"நக்கலா? போன மாசத்துக்கு இப்ப எவ்வளவோ எளச்சிருக்கேன். ஒங்கம்மாவக் கேளு."

"அம்மாவக் கேட்டா வேற கணக்கு சொல்லுவாங்க" என்றான் சின்னவன், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

எதிர்ச் சுவரில் கறுப்பு டேப்பில் ஒரு பெருக்கல் குறி ஒட்டியிருந்தது. உட்காருபவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அதையே பார்க்க வேண்டும். அதுதான் சாலை. இது அவளுடைய முறை. மற்றவர்கள் ஆளை நிமிர்த்தி உட்கார வைத்து ஊற்றுவார்கள். உட்காருகிற உடம்பு வேறு, ஓட்டுகிற உடம்பு வேறு என்பது அவள் கட்சி. கற்றுக்குட்டியாக இருந்தபோதே அப்படித்தான் செய்தாள். கோணல் சீட் விழுந்ததற்கு அந்தக் கிறுக்குத்தனம்தான் காரணம் என்று அன்றைக்குச் சொன்னவர்களும் உண்டு.

கலந்தாள். ஊற்றினாள். நுரை பொங்கி ஏறியது.

"சுடுதும்மா."

"மூணு தடவ பட்டம் வாங்கினவரு, இது தாங்க மாட்டீங்களா? குறியப் பாருப்பா."

இறுகியதும் அவரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். பைக்குள்ளிருந்து சீட்டை எடுத்துத் திருப்பினாள்.

இடது தோள் பக்கம் பள்ளம். வலது பக்கம் மேடு.

அவளுக்கு முகம் ஜிவ்வென்று சூடேறியது. சின்னவன் எட்டிப் பார்த்தான். அவ்வளவுதான், தகரக் கூரை அதிரச் சிரித்தான்.

"அக்கா! மறுபடியுமா? இது படம் எடுக்கணும். இப்பவே போடறேன்."

"போட்டேன்னா போனை நுரைக்குள்ள முக்கிடுவேன்."

"என்னக்கா நீ, ஜனங்க இதுக்குத்தான் உருகுவாங்க. அதே அப்பா, அதே பொண்ணு, அதே கோணல்!"

சாம்பியனும் சிரித்தார். ஆனால் சீட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை, கூரையைப் பார்த்துச் சிரித்தார். "விடும்மா. இதுவே போதும். ஒரு சுத்துதானே?"

"ஒரு சுத்துக்குக்கூட இது போதாது. திரும்ப ஏறு."

யாருக்கோ பதில் சொல்ல வேண்டுமென்று சின்னவன் போனோடு வெளியே போனான். அவள் கூட்டின்மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். தரை சரியாக இருந்தது. திரவத்தைப் புது டப்பாவிலிருந்து எடுத்தாள். அப்பாவின் இரண்டு தோளையும் பிடித்து நேராக்கினாள். காலையிலிருந்து அலைந்த களைப்போ என்னவோ, நுரையின் சூடு முதுகில் ஏற ஏற சாம்பியன் கண்ணை மூடிக்கொண்டு சொக்கிப்போனார். குறியைப் பார்க்கச் சொல்லி எழுப்பலாமா என்று நினைத்தாள். அசைந்துவிட்டால் எல்லாம் பாழ். விட்டுவிட்டாள்.

இந்த முறை சீட் அம்சமாக வந்தது. இரண்டு தோளும் ஒரே உயரம். நூல் பிடித்த மாதிரி.

"பாத்தியா?" என்றார் சாம்பியன். அவசரமாகச் சொன்னார். "முடிஞ்சுது. டேப் சுத்திக் குடுத்துடு."

முடிந்துதான் இருக்க வேண்டும். இத்தனை வருஷமாக அவள் கேட்டது இதைத்தானே? ஆனால் சந்தோஷம் வரவில்லை. ஒரே ஆள், ஒரே கூடு, ஒரே கை. ஒன்று கோணல், இன்னொன்று நேர். நடுவில் மாறியது என்ன?

"ஒரு தடவ இதுல உக்காந்து காட்டுப்பா. ஸ்டியரிங்கப் பிடி. குறியப் பாரு."

"எதுக்கு? நல்லாத்தான் இருக்கு."

"உக்காரு."

உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். கண்ணை மூடியிருந்தவரைக்கும் சீட் அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து சுவரிலிருந்த குறியைப் பார்த்த நொடியில் முகம் கொஞ்சமாக இடது பக்கம் திரும்பியது. கூடவே இடது தோள் சீட்டில் அழுந்தியது. வலது தோள் சீட்டை விட்டு எழும்பியது. நடுவில் உண்டான சந்தில் அவள் தன் கையை விட்டுப் பார்த்தாள். கை தாராளமாக நுழைந்தது.

அவள் போய்ச் சுவரிலிருந்த பழைய சீட்டைக் கழற்றிக்கொண்டு வந்தாள். காலையில் கோணலாக வந்ததின் பக்கத்தில் வைத்தாள். புதியது அகலமாக இருந்தது, அவ்வளவுதான். பள்ளம் அதே இடத்தில், மேடு அதே இடத்தில். அன்றைக்கு அவளுக்கு ஒன்றும் தெரியாது. இன்றைக்கு எல்லாம் தெரியும். இரண்டும் ஒன்றுபோல் வந்திருக்கின்றன.

டேப் எடுக்கப் போகிற சாக்கில் மூலைக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். தெருவுல போகும்போது நீ ஏன் எப்பவும் அப்பாவுக்கு எடது பக்கமாவே நடக்கறே?"

அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"டேபிள்லயும் எடது பக்கந்தான் உக்காருவே. அவரு டம்ளர எப்பவும் வலது பக்கமா நகத்தி நகத்தி வெப்பே. ஏம்மா?"

"பால் பொங்குது" என்றாள் அம்மா. "அப்புறம் பேசறேன்."

வெளியே வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. அம்மா அந்த நேரத்தில் பால் காய்ச்சி அவள் பார்த்ததே இல்லை.

திரும்பி வந்தாள். அப்பா இன்னும் கூட்டுக்குள்தான் உட்கார்ந்திருந்தார். அவள் பின்னாலிருந்து கையை நீட்டி அவருடைய வலது கண்ணைப் பொத்தினாள்.

"குறி தெரியுதாப்பா?"

விசிறி இரைந்துகொண்டிருந்தது.

"என்ன தெரியுதுன்னு சொல்லு."

"கைய எடும்மா" என்றார் சாம்பியன்.

அவள் எடுத்தாள். அவர் ஸ்டியரிங்கை விடவில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

"எப்போலேர்ந்து?"

"மூணாவது பட்டத்துக்கு முந்தின மழைக்காலம். சும்மா ஒரு சோதனை ஓட்டம். முன்னாடி போன கார் டயர்லேர்ந்து ஒரு கல்லு, நேரா எடது கண்ணுல. ஹெல்மெட் கண்ணாடிய மேல தூக்கி விட்டிருந்தேன்."

"டாக்டருங்க பாக்கலையா? வருஷா வருஷம் கண்ணு பாப்பாங்களே?"

"எடது கண்ண எடது கையால பொத்திக்கிட்டுப் படிப்பேன். மறு கண்ணுன்னு சொன்னா, வலது கையால அதே எடது கண்ணப் பொத்திக்கிட்டுப் படிப்பேன். அவரு எழுதறதுலேயே இருப்பாரு. கைய மாத்தினதத்தான் பாத்தாரு."

சொல்லும்போது ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. அது அவளுக்குச் சுரீரென்று கோபத்தைக் கிளப்பியது.

"அப்ப என் சீட்டு?"

"நல்ல சீட்டும்மா அது." அவர் அவளைப் பார்க்கவில்லை. "அதுக்கு முன்னாடி எல்லாரும் ஊத்தினது நேரா இருக்கும். ஓட்டும்போது தோள் வெட்டவெளில தொங்கும். நீ ஊத்தினதுலதான் நான் எப்படி உக்காந்தனோ அப்படியே இருந்துது. அதான் விடல."

"எல்லாரும் சிரிச்சாங்களேப்பா."

"சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சேன். பொண்ணு ஊத்தினது கோணல்னு சொன்னா, நான் ஏன் கோணலா உக்கார்றேன்னு ஒருத்தனும் கேக்கல."

"என் கல்யாணத்துல கூட."

"ஆமா."

"ஒரு தடவ, என்னைத் தனியாக் கூப்பிட்டு, ஒன் மேல தப்பில்லன்னு சொல்லியிருக்கலாமே."

சாம்பியன் சப்பைக்கட்டு கட்டவில்லை. அது ஒன்றுதான் அவர் செய்த நல்ல காரியம்.

அவளுக்கு அழுகை வரும் போலிருந்தது. வரவில்லை. அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

"ஞாயித்துக்கெழம ஒன்கூட ஓட்டறவரு எந்தப் பக்கம் வர்றாருன்னு தெரியுமில்ல? எடது பக்கம். தம்பி பேசி முடிச்சிருக்கான். அந்தப் பக்கந்தான் கூட்டம் உக்காருதாம்."

"மெதுவாத்தானே போப்போறோம்."

"நீயா? நீ வீட்டு வாசல்லகூட மெதுவா வண்டி எடுத்ததில்ல. கொடி ஆட்டினா ஒன் காலு சும்மா இருக்குமா? சத்தியம் பண்ணு பாப்போம்."

அவர் சத்தியம் பண்ணவில்லை.

"அப்ப ஏம்பா சரின்னு சொன்னே?"

"அவன்கூட ஒரு தடவையாவது ஒழுங்கா வந்து சேரணும்மா. அன்னிக்கு வந்து சேரல இல்ல?"

அவள் நேரான சீட்டையும் கோணல் சீட்டையும் பார்த்தாள். இதில் ஏதாவது ஒன்றுக்கு டேப் சுற்றிக் கொடுத்தால் அப்பா ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவார். பக்கத்தில் இன்னொரு மனிதர், ஒரு தடவை இடி வாங்கினவர், அதே பக்கத்தில் வருவார். கொடுக்காவிட்டால் விழா கிடையாது. ஏன் இல்லையென்று ஊர் கேட்கும். பள்ளிக்கூட வாசலில் அப்பாவின் பெயர் எழுதியாகிவிட்டது. இரண்டும் அவள் கையில். அன்றைய தினம் அவளுக்கு வாய்த்த பெருமை இதுதான்.

அப்போது பக்கக் கதவு திறந்தது.

விசிறி இரைச்சலில் சத்தம் கேட்கவில்லை. வெளிச்சம் விழுந்ததைத்தான் அவள் பார்த்தாள். துணிக் காலணி போட்டுக்கொண்டு, வலது காலை லேசாக இழுத்தபடி ஒரு மனிதர் உள்ளே வந்தார். தலை நரைத்திருந்தது. ஆனால் அந்தத் தோள்களை அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அவற்றில் ஏறி உட்கார்ந்து, 'எட்டு மாமா, வேகமா, வேகமா' என்று தலைமுடியைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

அவருக்கும் இன்றைக்குத்தான் சீட் ஊற்ற வேண்டும். சாயங்காலம் வரச் சொல்லியிருந்தது. முன்னாடியே வந்துவிட்டார். வாசலில் சின்னவன் போனும் கையுமாக நின்று, "உள்ள போங்க, உள்ள போங்க" என்று தள்ளிவிட்டிருப்பான்.

எட்டாம் நம்பர் அவளைப் பார்த்துக் கையை உயர்த்தினார். பிறகு கூட்டுக்குள் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தார். கை அப்படியே நின்றது. சாம்பியனுக்கு இடது பக்கம், தொட்டுவிடுகிற தூரத்துக்கு வந்துவிட்டார். கூப்பிடுவதா வேண்டாமா என்று தயங்குகிற மாதிரி இருந்தது.

சாம்பியன் திரும்பவில்லை. அவருக்குத் தெரியவே தெரியாது.

ஒரு சைகை போதும். வாங்க மாமா என்று ஒரு வார்த்தை போதும். பெரியவள் வாயைத் திறந்தாள். வந்தது வேறு வார்த்தை.

"அப்பா. அன்னிக்கு அந்த வளைவுல. எட்டு மாமா உள்பக்கம் வந்தது ஒனக்குத் தெரிஞ்சுதா?"

சாம்பியன் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதே குறி. முகம் லேசாக இடது பக்கம் திரும்பியிருந்தது.

"தெரியலம்மா."

"இரைச்சலா இருக்கு. சத்தமாச் சொல்லு."

"தெரியலைன்னேன்!" என்று கத்தினார். "அவன் வந்ததே எனக்குத் தெரியாது. இடிச்சப்பறந்தான் தெரியும். விசாரணையில, இடமே இல்ல, எடமில்லாத எடத்துல வந்தான்னு சொன்னேன். இடம் இருந்துதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்தப் பக்கமே பாக்கல. பாக்க முடியல. அவனும் என்னைக் கேட்டான், ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு. என்னைப் பாக்கலையாடான்னு கேட்டான். பாத்தேன்னு சொன்னேன்."

அவள் போய் விசிறியை நிறுத்தினாள்.

சத்தம் அடங்கியதும் கொட்டகை திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. வெளியே சின்னவன் யாரிடமோ, "ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல சார், பாக்கவே கண்கொள்ளாக் காட்சியா இருக்கும்" என்று சொல்வது தெளிவாகக் கேட்டது.

பக்கத்தில் யாரோ மூச்சு விடுவது சாம்பியனுக்குக் கேட்டிருக்க வேண்டும். திரும்பினார். முதலில் முகம், பிறகு தோள், பிறகு முழு உடம்பும். நுரையில் விழுந்திருந்த அதே திருகல்தான்.

எட்டாம் நம்பர் அவரைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த பழைய சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து, இடது பள்ளத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மெதுவாகத்தான் நிமிர்ந்தார்.

"பேட்டிலயெல்லாம் ஒங்கப்பா சொல்லுவாரே, அந்தக் கோணல் சீட்டு இதானாம்மா?"

"அது கோணல் இல்ல மாமா" என்றாள் பெரியவள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதைச் சொன்னாள்.

"ஆமா. இப்பத்தான் கேட்டேன்."

சாம்பியன் கூட்டிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. மகள் கைகொடுக்கவில்லை. எட்டாம் நம்பர்தான் கையை நீட்டினார், சரியாக வலது பக்கம் சுற்றி வந்து. சாம்பியன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்த பிறகு யார் முதலில் விட்டார்கள் என்று அவள் கவனிக்கவில்லை.

"டேய்..." என்று ஆரம்பித்தார் சாம்பியன்.

"இரு." எட்டாம் நம்பர் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தார். "எனக்கும் ஊத்தும்மா. அதுக்குத்தானே வந்தேன்."

அவள் புதுப் பையை விரித்தாள். கைப்பழக்கம் வேலை செய்தது. அவர் காலை மடக்கச் சிரமப்பட்டு உள்ளே இறங்கி, ஸ்டியரிங்கைப் பிடித்து, எதிர்ச் சுவரைப் பார்த்தார். நேராகப் பார்த்தார். அவள் இரண்டு திரவங்களையும் கலக்க ஆரம்பித்தாள்.

"ஞாயித்துக்கெழம நான் வலது பக்கம் வர்றேன்" என்றார், சுவரைப் பார்த்தபடியே. "ஒன் பையன் கிட்ட நானே சொல்லிக்கறேன். கூட்டம் எந்தப் பக்கம் உக்காந்தா எனக்கென்ன?"

சாம்பியனின் முகத்தில் எதுவோ தளர்ந்தது. "வர்றியாடா? நெஜமாவே வர்றியா?"

"வர்றேன். ஆனா அதுக்கு முன்னாடி மேடையில மைக் குடுப்பாங்க இல்ல? இப்பச் சொன்னியே, அதே மாதிரி சத்தமா, அங்க நீ மொதல்ல பேசு. ஒரு வார்த்தை கொறையக் கூடாது. அப்புறம் நான் கார்ல ஏறறேன்."

பெரியவள் அப்பாவைப் பார்த்தாள். பதில் வருமென்று நிற்க முடியவில்லை. திரவம் கலந்தாயிற்று. கலந்துவிட்டால் அது யாருக்காகவும் காத்திருக்காது. ஊற்றினாள்.

நுரை மெல்லப் பொங்கி எட்டாம் நம்பரின் முதுகைச் சுற்றி ஏறியது. வெளியே சின்னவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

"யாரும் ஆடக் கூடாது" என்றாள் பெரியவள்.

அது உட்கார்ந்திருப்பவருக்குச் சொன்னது. ஆனால் நின்றுகொண்டிருந்தவரும் ஆடவில்லை.